வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய துணி

அதை வெளியே கொண்டுபோக வேண்டாம், அக்கா. கொண்டுபோனாலும் ஒன்றும் தெரியாது. தெருவில் விளக்கு இல்லை, வரும்போதே பார்த்திருப்பீர்கள். உங்கள் கையில் இருப்பது சரியான துணிதான். புடவையும் மயில்கழுத்து, பிளவுஸ் பிட்டும் மயில்கழுத்து. நீலம்தான் தூக்கலாக இருக்கும், திருப்பினால் பச்சை ஓடும். என்னை நம்பலாம்.

நம்ப மாட்டீர்கள், தெரியும். தப்பாகச் சொல்லவில்லை. பிளவுஸ் துணி வாங்க வருகிற யாருமே கடைக்குள் எரிகிற விளக்கை நம்ப மாட்டார்கள். புடவையையும் துணியையும் அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போகணும், ஒன்றின் மேல் ஒன்றைப் போடணும், தலையைச் சாய்த்துப் பார்க்கணும். அப்போதுதான் மனசு ஆறும். எங்கள் வியாபாரத்தில் பாதி வாசலில்தான் நடக்கும். அதனால்தான் காலையில் வாருங்கள் என்கிறேன். காலையில் வெயில் நேராக இந்தப் படியில் விழும். அப்பாவும் இருக்க மாட்டார், மத்தியானத்துக்கு மேல்தான் வருவார். நாம் நிதானமாகப் பார்க்கலாம்.

டெய்லர் நாளைக்கு ஊருக்குப் போகிறாரா? இன்றைக்கே கொடுத்தால்தான் உண்டா? அப்படியென்றால் உட்காருங்கள். ஸார் எங்கே? பெட்ரோல் போடப் போயிருக்கிறாரா. வந்ததும் முக்கில் நின்று ஹார்ன் அடிக்கச் சொல்லுங்கள், போதும். இந்தத் தெருவுக்குள் கார் கொண்டுவர எல்லாருக்கும் பயம். பள்ளம் எது, மாடு எது என்று தெரியாது. இந்த ஸ்டூலில் உட்காருங்கள். ஃபேனைப் போடுகிறேன்.

நீங்கள் இந்த ஊர் இல்லையே? மாற்றலாகி வந்தவர்களா. அப்போது உங்களுக்குக் கோட்டைவாசல் பஜார் என்றால் என்ன என்று தெரிய நியாயமில்லை. தெருக்கோடியில்தான் பஸ் ஸ்டாண்ட் இருந்தது. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பஸ்ஸை விட்டு இறங்கினால் இந்தத் தெரு வழியாகத்தான் நடக்கணும். தாலிக்குத் தங்கம் ஒரு கடை, புடவை ஒரு கடை, குத்துவிளக்கு ஒரு கடை. கடைசியாக மேட்சிங் பிளவுஸுக்கு எங்கள் கடை. அப்பா இரண்டு கையாலும் துணி கிழிப்பார். கத்தரிக்கோல் எடுக்கவே நேரம் இருக்காது.

பஸ் ஸ்டாண்டை பைபாஸுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் நகைக்கடை போனது. அப்புறம் ஜவுளிக்கடை. அங்கே நாலு மாடி கட்டிவிட்டார்கள். அந்தக் கட்டடத்துக்கு வெளியே எரிகிற விளக்கை மட்டும் இங்கே கொண்டுவந்தால் தெரு முழுவதும் ஊசியில் நூல் கோக்கலாம். மேட்சிங் பிளவுஸும் அங்கேயே இருக்கிறதாம், ஏசியில். நான் போய்ப் பார்த்ததில்லை. போக மாட்டேன். இப்போது இங்கே மிச்சம் இருப்பது நாங்கள், எதிரே நவநீதம் அண்ணனுடைய பூஜை சாமான் கடை, தள்ளி ஒரு லாட்ஜ். மற்றதெல்லாம் ஷட்டர்தான்.

போர்டைப் பார்த்தீர்களா? இருட்டில் தெரிந்திருக்காது. ‘மங்கை மேட்சிங் சென்டர்.’ அந்த மங்கை நான்தான். நான் பிறந்த வருஷம் கடைக்குப் பெயர் மாற்றினாராம். படித்தவள்தான் அக்கா, எம்.காம். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். தாசில்தார் ஆபீஸில் ‘முதல் பட்டதாரி’ என்று சான்றிதழ் வாங்கினோம். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அதோ, சாமி படத்துக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் எல்லாரும் சாமியைக் கும்பிடும்போது அதையும் சேர்த்துக் கும்பிட்டுவிடுகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாரும் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். எல்லாம் இந்தத் தெருவிளக்கால்தான்.

இந்தப் பஜாரில் ஒரு வழக்கம் உண்டு. தெருவிளக்குக்கான சுவிட்சுப் பெட்டி எங்கள் கடைச் சுவரில்தான் இருக்கிறது. படி இறங்கினால் இடது பக்கம், தகரப் பெட்டி. வரும்போது உங்கள் பை அதில் இடித்ததே, அதுதான். எந்தக் கடைச் சுவரில் பெட்டி இருக்கிறதோ அந்தக் கடைக்காரர்தான் பொழுது சாயும்போது விளக்குப் போடணும், காலையில் கடை திறக்கும்போது அணைக்கணும். லைன்மேன் பழுது பார்க்க மட்டும்தான் வருவார். நான் பிறப்பதற்கு முன்னாலேயே அது அப்பாவின் வேலை. சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு இறங்கிப் போவார், சுவிட்சைப் போடுவார், “விளக்கு வச்சாச்சு”ன்னு ஒரு குரல் கொடுப்பார். தெரு முழுக்க எல்லாக் கடையிலும் வேலையை நிறுத்திவிட்டு வெளிச்சத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். விலை பேசிக்கொண்டிருக்கிறவர்கள்கூட. சின்ன வயசில், அப்பாதான் ஊருக்கே ராத்திரியைக் கொண்டுவருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் சாக்கடைக்குத் தோண்டியபோது கேபிள் அறுந்துவிட்டது. தெரு இருண்டது. அதோடு பிடித்தது சனியன். வாங்கிக்கொண்டு போன துணி திரும்பி வர ஆரம்பித்தது. அரக்கு கேட்டால் காபிக்கொட்டை நிறம் போயிருக்கும். கத்திரிப்பூ கேட்டால் கருநீலம். அப்பா கையில் அப்படி நடந்ததே இல்லை. புடவையைப் பிரிக்கவே வேண்டாம், முந்தானை நுனியைப் பார்த்துவிட்டு நேராகக் கையை அடுக்குக்குள் விடுகிற ஆள் அவர். “லைட்டு இல்லாத தெருவுல கலர் பாருன்னா எப்படிம்மா பாக்கிறது?”ன்னு கேட்டார். நியாயம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை வந்தது. அக்கவுண்ட்ஸில். தங்க ஹாஸ்டல் அவர்களே பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அப்பாவிடம் சொன்னேன். “லைட்டு வரட்டும்மா. வந்தா யாவாரம் திரும்பும். ஒரு பொண்ணைக் கூடமாட வச்சுக்கறேன். நீ நிம்மதியாப் போ”ன்னார். பிறகு என்ன, நான் விளக்குக்காக அலைய ஆரம்பித்தேன். வியாபாரிகள் சங்கத்துக்குப் போனேன். “பஜார்ல கடையே இல்ல, சங்கம் எங்கம்மா இருக்கு?”ன்னு செயலாளர் சிரிக்கிறார். திங்கட்கிழமை தோறும் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றேன். நான் மனு எழுதினால் அடித்தல் திருத்தல் இருக்காது. அந்த ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. கம்பெனியில் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். பொறுத்தார்கள், அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

விளக்கு வந்தது அக்கா. ஆமாம், வந்தது. லைன்மேன் துரைக்கண்ணு கேபிளை ஒட்டுப் போட்டார். பழைய மஞ்சள் விளக்கையெல்லாம் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டினார். அன்றைக்கு அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கையைக் கழுவினார், இறங்கிப் போனார், போட்டார். பால் கொட்டின மாதிரி தெரு வெளுத்தது. “விளக்கு வச்சாச்சு!” நவநீதம் அண்ணன் எதிரே இருந்து கும்பிட்டுவிட்டு, “மங்கை, கல்யாண வீடு மாதிரி இருக்கு. மாப்பிள்ளைதான் பாக்கி”ன்னார். “உங்க கடையில இருந்தா ஒண்ணு எடுத்துக் குடுங்க, கற்பூரத்துக்குப் பக்கத்துல”ன்னு நானும் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அப்புறம்தான் தெருவைப் பார்த்தோம்.

இருட்டாக இருந்தவரைக்கும், பூட்டின கடைக்குள்ளே எல்லாரும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. சீக்கிரமாகச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், நாளைக்கு வருவார்கள் என்று. வெளிச்சம் விழுந்ததும் ஒவ்வொரு ஷட்டராகத் தெரிந்தது. துரு. பூட்டு மேல் சிலந்திக் கூடு. நகைக்கடைப் படியில் நாய் குட்டி போட்டிருந்தது. அப்பா படியேறி உள்ளே வந்துவிட்டார். நவநீதம் அண்ணனும் உள்ளே போய்விட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. வெளிச்சத்தைப் பார்த்து ஒரு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். உங்களுடையது மாதிரியே மயில்கழுத்துப் பட்டு. அப்பா கையை விட்டார், எடுத்தார், கொடுத்தார். அந்த அம்மா வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயிருந்தே சத்தம். “என்ன பெரியவரே, கரும்பச்சையைக் குடுத்துட்டு மயில்கழுத்துங்கறீங்க? கண்ணு அவிஞ்சு போச்சா?” அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நானும் போய்ப் பார்த்தேன். கரும்பச்சைதான். கட்டைப் பச்சை. அப்பா இறங்கி வந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “புது லைட்டும்மா. கண்ணு கூசுது”ன்னார். அடுத்து வந்தவரிடமும் அதே கதைதான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விளக்கு இல்லாததால் கலர் தெரியாமல் போகவில்லை.

அதைப் போய் எப்படி அவரிடம் சொல்வது? நீங்களே சொல்லுங்கள். கலர் பார்த்தே பெயர் எடுத்தவர். அவருக்குத் தெரிந்தால் உடைந்துபோவார். அவருக்குத் தெரியாது அக்கா, சத்தியமாகத் தெரியாது. தூசிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ராத்திரி படுக்கும்போது தினமும் இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். தெருத் தூசிக்காம். அதை ஐஸ்பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருப்பார், நாங்கள் தொடக்கூடாது. தூசி மருந்தை எதற்கு ஐஸ்பெட்டியில் வைக்கணும் என்றா கேட்கிறீர்கள்? கம்பெனி அப்படி எழுதியிருக்குமோ என்னவோ. அடிக்கடி மதுரைக்கு வேறு போய்வருகிறார், சொந்தக்காரர் வீட்டுக்கு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு. போன தடவை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மதுரை வெயில் அப்படியாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது, இந்த வயசில் ஸ்டைலைப் பாரு என்று.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல காரியம் என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். மறுநாள் சாயங்காலம் அப்பா கையைக் கழுவ எழுந்தார். “நீங்க உக்காருங்கப்பா, நான் போடறேன்”ன்னு இறங்கிப் போனேன். பெட்டியைத் திறந்தேன். சுவிட்சைத் தொடாமலே திரும்பவும் மூடினேன். “மறுபடியும் போயிடுச்சுப்பா. எரியல”ன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் பெட்டி இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “சரிம்மா”ன்னார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் கேட்பார், “வந்துச்சாம்மா?” “வரலைப்பா.” “சரிம்மா.” இத்தனை வருஷம் கைபட்ட பெட்டி. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஒரு தடவைகூடப் போய்த் திறந்து பார்க்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை. நவநீதம் அண்ணன் கேட்டால் புகார் கொடுத்திருக்கிறேன் என்கிறேன். துரைக்கண்ணுவும் புகார் போனால்தான் வருவார்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? இருட்டு இருக்கிறவரைக்கும் அப்பாவை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அவர் எடுத்துக் கொடுப்பதை நான் வாங்குவேன். வெட்டுகிற சாக்கில் குனிந்து சரியான துணியை உருவிக்கொள்வேன். இந்தப் பழைய டியூப்லைட்டில் கரும்பச்சைக்கும் மயில்கழுத்துக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது, கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற என்னைத் தவிர. வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். “அண்ணாச்சி கை தவறுமா?”ன்னு அப்புறம் வந்து சொல்கிறார்கள். அப்பா அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். பெருமைதான், வேறென்ன?

ஆமாம், விளக்கு இல்லாவிட்டால் ஆள் வருவதும் குறைகிறது. அது தெரியாமல் இல்லை. ஆள் வராவிட்டால் கூடமாட ஒரு பெண்ணை வைக்க முடியாது. பெண்ணை வைக்காவிட்டால் நான் போக முடியாது. வைத்தாலும்தான் என்ன, வருகிறவளுக்கு இந்தத் துணி மாற்றுகிற வேலையைச் சொல்லிக் கொடுக்க முடியுமா? ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் அக்கா. சில நாள் ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

கம்பெனியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பதிலாகப் போட்ட ஆள் நிற்கவில்லையாம். வருகிற திங்கட்கிழமை காலையில் வந்து சேரணும், இதற்கு மேல் கூப்பிட மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்குச் சனி. அம்மா எனக்குப் பெட்டியே கட்டி வைத்துவிட்டாள். பொடி அரைத்து, எண்ணெய் பாட்டிலைப் பாலிதீனில் சுற்றி. “போய்ச் சேருடி, நாங்க பாத்துக்கறோம்”ங்கிறாள். அவளுக்குக் கடையைப் பற்றி என்ன தெரியும்? வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால் தைக்கிறவள். அப்பா இன்னும் ஒரு படி மேலே. “நீ போனதும் நான் கடையைச் சாத்திடுவேன்”ங்கிறார். கோபம். நான் போய்விடுவேனோ என்கிற பயத்தில் அப்படி மிரட்டுகிறார். எனக்குத் தெரியாதா அவரை?

அதோ வருகிறார். பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார், சனிக்கிழமை இல்லையா. ஷட்டர் தடதடக்கிற சத்தம் கேட்கிறதா? ஒவ்வொரு கடை ஷட்டரையும் விரலால் தொட்டுக்கொண்டே வருவார். பழகின தெரு, பழைய சிநேகிதர்கள் கடை, அந்தப் பாசம். அக்கா, தயவுசெய்து சுவிட்சுப் பெட்டியைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவர் வேறு துணியை எடுத்துக் கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாங்கப்பா. இவங்க மாற்றலாகி வந்திருக்காங்க. மயில்கழுத்துக்கு பிட் கேட்டாங்க. எடுத்து வச்சிட்டேன்.

“வெளிய கொண்டுபோய்ப் பாத்தாங்களா?”

லைட் இல்லையேப்பா.

“வந்துச்சாம்மா?”

வரலைப்பா.

“இரு.”

எங்கே போறீங்க? அப்பா, அது எரியாதுப்பா. புகார் கொடுத்திருக்கேன். படி, படி, பார்த்து! அப்பா, பெட்டியில கை வைக்காதீங்க, ஷாக் அடிக்கும்! அப்பா!

…

“விளக்கு வச்சாச்சு.”

கும்பிடுங்கள் அக்கா. இல்லை, பரவாயில்லை. எனக்குக் கை பழக்கத்தில் தானாகச் சேர்ந்துவிட்டது.

“வாங்கம்மா, வெளிய வாங்க. நல்லா பிரிச்சுப் பாத்து வாங்குங்க. இது என் பொண்ணு எடுத்தது, தப்பா இருக்காது. நான் எடுத்திருந்தாதான் நீங்க சந்தேகப்படணும். எனக்கு நீலமும் பச்சையும் ஒண்ணாப் போயி ரொம்ப நாளாச்சு. மதுரை டாக்டர் முதல்லயே சொல்லிட்டாரு, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், போனது வராதுன்னு. மங்கைகிட்ட சொன்னா கிளம்பமாட்டான்னு சொல்லல. அது என்னடான்னா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு தினமும் குனிஞ்சு குனிஞ்சு துணி மாத்துது. இந்தக் கடையில எனக்கு இனிமே என்னம்மா இருக்கு? லாட்ஜ்காரர் இடத்தைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. இது நாளைக்கு பஸ் ஏறட்டும், அன்னைக்கே சாவியைக் குடுத்துடுவேன். இது கிளம்புற வரைக்கும்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்.”

கேட்டீர்களா அக்கா? அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

தெரிந்தும் இவ்வளவு நாளும் சும்மா இருந்திருக்கிறார். உள்ளுக்குள் எப்படித் தவித்திருப்பார். சாவியைக் கொடுத்துவிடுவாராம். கடை இல்லாமல் இந்த மனுஷன் எங்கே போய் உட்காருவார்? படியில் எப்படி இறங்கினார் பார்த்தீர்களா, காலால் தடவித் தடவி. இந்த நிலைமையில் விட்டுவிட்டு நான் எப்படி பஸ் ஏறுவேன்? முன்னாலாவது அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு தைரியம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

கலர் சரியாக இருக்கிறது இல்லையா? நான்தான் சொன்னேனே. திருப்புங்கள், பச்சை ஓடுகிறது பாருங்கள்.

ஹார்ன் கேட்கிறது, ஸார் வந்துவிட்டார். இந்தாருங்கள் பிட், கவரில் போட்டிருக்கிறேன். புடவையைக் கொடுத்துவிட்டுப் போங்கள், புதுசாக இருக்கிறதே, அம்மாவிடம் கொடுத்து ஃபால் தைத்து வைக்கிறேன். அப்பா, நீங்க சும்மா இருங்கப்பா, அவங்க வேற எங்கேயும் போய்த் தைக்க வேண்டாம். திங்கட்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா. விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் இருப்பேன்.